ஏஎல்எஸ் வந்தவருக்கு மூச்சுத் துணை: பைபாப்பா, தொண்டைக் குழாயா, எந்திரமே வேண்டாமா?

ஏஎல்எஸ் என்பது தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாக அழியும் நோய். இதில் நுரையீரல் கெட்டுப்போவதில்லை. காற்றை இழுத்து விடும் தசைகள்தான், முக்கியமாக உதரவிதானம், நரம்பிலிருந்து ஆணை வராமல் மெலிந்துகொண்டே போகின்றன. உள்ளே போகும் காற்று குறைவது ஒரு பக்கம் என்றால், கரியமில வாயு முழுசாக வெளியேறாமல் இரத்தத்தில் தேங்குவது அதைவிடப் பெரிய தொல்லை. ஆஸ்துமாவுக்கும் கொரோனாவுக்கும் பார்த்த வைத்தியத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் கெடுதல்தான்.

குடும்பத்தின் முன்னால் இருக்கும் வழிகள் மூன்று. முகத்தில் மாஸ்க் போட்டு பைபாப் எந்திரத்தால் காற்றைத் தள்ளுவது. தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி வென்டிலேட்டரில் இணைப்பது. எந்திரம் எதுவும் வேண்டாம் என்று இருந்து, மூச்சுத்திணறலை மருந்தால் அடக்கிக் கடைசிவரை சிரமமில்லாமல் பார்த்துக்கொள்வது. மூன்றுமே நேர்மையான வழிகள். எதைத் தேர்ந்தாலும் அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

முடிவே எடுக்காமல் நாளைக் கடத்துவது நான்காவது வழி போலத் தோன்றும். அது பெரும்பாலும் இரண்டாவது வழியில் கொண்டுபோய் விட்டுவிடும். ஒரு சாதாரணச் சளி பிடிக்கும். இருமித் துப்பத் தெம்பு இருக்காது. நடுராத்திரியில் உதடு நீலம் பாயும், 108 வரும். அவசரப் பிரிவில் அவரை முன்பின் பார்த்திராத மருத்துவர் உயிரைக் காப்பாற்ற வாய்வழியாகக் குழாய் இறக்குவார். அது அவர் கடமை. குழாயை எடுத்தால் தானாக மூச்சுவிடும் வலு பல பேருக்குத் திரும்புவதில்லை. ஒன்றிரண்டு வாரத்தில் "தொண்டையில ஓட்டை போடோணுமுங்க, கையெழுத்துப் போடுங்க" என்று காகிதம் வரும். நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அவருடைய மீதி வாழ்க்கை முடிவாகிவிடும். இந்தக் கட்டுரையில் மற்ற எதை மறந்தாலும் பரவாயில்லை, பேச்சு வாயில் இருக்கும்போதே அவரிடம் கேளுங்கள்.

எப்போது பேசத் தொடங்குவது

மூச்சு வாங்குகிறது என்று நோயாளி சொல்லும்வரை காத்திருப்பது தாமதம். கை கால் அசைவு குறைந்தவருக்கு மூச்சிரைக்க வேலையே இல்லை. அதற்கு முன்னால் வரும் அறிகுறிகள் வேறு. காலையில் எழும்போது தலைவலி. ஒரு தலையணை இரண்டாகி மூன்றாவது. நேராகப் படுக்க முடியாமல் ஈசிச் சேரில் உட்கார்ந்தே தூங்குவது. பகலில் தூங்கி வழிவது, கெட்ட கனவு, பசியின்மை. நீளமாகப் பேச முடியாமல் வாக்கியம் துண்டுதுண்டாக வருவது. மல்லாந்து படுத்து மூச்சை இழுக்கும்போது வயிறு மேலெழும்பாமல் உள்வாங்கினால் உதரவிதானம் தளர்ந்துவிட்டது என்று பொருள். "சத்து இல்லீங்க, டானிக் குடுத்தா சரியாப் போயிரும்" என்று வீட்டில் கடத்துவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனை செய்து எஃப்விசி அளவைக் குறித்து வையுங்கள். ஆழமாக இழுத்து ஒரே மூச்சில் ஊதித் தள்ளும் மொத்தக் காற்றுதான் எஃப்விசி, இருக்க வேண்டிய அளவில் எத்தனை சதவீதம் என்று அதைச் சொல்வார்கள். உட்கார்ந்து ஒருமுறை, படுத்து ஒருமுறை ஊதச் சொல்லுங்கள். படுக்கும்போது அளவு மிகவும் சரிந்தால் உதரவிதானத்தின் பலவீனம் அதில் தெரிந்துவிடும். எஃப்விசி 80 சதவீதத்துக்குக் கீழே வந்து மேலே சொன்ன அறிகுறிகளும் இருந்தால் பைபாப் பற்றிப் பேசலாம். 50 சதவீதத்துக்குக் கீழே போனால் அறிகுறி இல்லாவிட்டாலும் தொடங்க வேண்டும். உதடு தளர்ந்தவருக்குக் குழல் ஓரமாகக் காற்று ஒழுகி அளவு பொய்யாகக் குறையும். அவருக்கு மூக்கால் உறிஞ்சும் அழுத்தத்தை அளக்கும் சோதனை நல்லது. அது 40 செ.மீ. நீர் அழுத்தத்துக்குக் கீழே போனால் கவனம். மணிக்கட்டுத் தமனியில் இரத்தம் எடுத்துப் பார்க்கும் ஏபிஜியில் கரியமில வாயு 45 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் இனியும் யோசிக்க நேரமில்லை. அது 45-க்குள் இருந்தும், அதே சோதனையில் வரும் பைகார்பனேட் 27-க்கு மேல் ஏறியிருந்தால், இராத்திரியில் வாயு தேங்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

நோயை உறுதிப்படுத்த பெங்களூரு நிம்ஹான்ஸ் வரை போய்வரும் குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. மூச்சுச் சோதனைக்கு ஒவ்வொரு முறையும் அவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, பெருந்துறையில் இருக்கும் ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, நுரையீரல் மருத்துவர் இருக்கும் வேறு பெரிய மருத்துவமனையோ போதும். நரம்பியல் மருத்துவரிடம் ஒன்றை மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது வழக்கமான ஏஎல்எஸ்தானா, மெதுவாக நகரும் வேறு வகையா? இளவயதில் தொடங்கிக் காது கேளாமையோடு வரும் 'மெட்ராஸ்' வகை தென்னிந்தியாவில்தான் முதலில் அடையாளம் காணப்பட்டது. அது பல்லாண்டுகள் மெதுவாகப் போகும். வேகம் தெரியாமல் எந்திரத்தைப் பற்றி முடிவு செய்ய முடியாது.

கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு இருக்கும் விரல் மாட்டி ஆக்சிமீட்டரை இதில் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 96 காட்டும்போதே கரியமில வாயு ஏறியிருக்கலாம். வீட்டில் செய்ய எளிய கணக்கு ஒன்று உண்டு. ஆழமாக மூச்சிழுத்து, அதே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். போன மாதம் 30 வரை எண்ணியவர் இந்த மாதம் 15-இல் நின்றால் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காதீர்கள்.

ஆக்சிஜன் இதற்கு விடை அல்ல

கொரோனாவுக்கு வாங்கிய கான்சன்ட்ரேட்டர் பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. நல்லெண்ணத்தோடுதான் எடுத்து மாட்டுகிறார்கள். பம்பு செய்யும் தசை ஓய்ந்த இடத்தில் ஆக்சிஜனை மட்டும் கூட்டினால், விரல் மாட்டியில் எண் அழகாக ஏறும். கரியமில வாயு உள்ளேயே தேங்கி ஏறும். நோயாளி 'நிம்மதியாகத் தூங்குகிறார்' என்று வீட்டார் நினைக்கும்போது அவர் மயக்கத்துக்குள் போய்க்கொண்டிருப்பார். நிமோனியா வந்தால் ஆக்சிஜன் தேவைப்படலாம். அப்போதும் பைபாப்போடு சேர்த்து, கரியமில வாயுவை அளந்தபடிதான்.

சிபாப் எந்திரமும் இதற்கு ஆகாது. குறட்டைக்காரர்களுக்கான அந்த எந்திரம் ஒரே அழுத்தத்தில் காற்றை நிறுத்தி வைக்கும். தளர்ந்த தசைக்கு அதை எதிர்த்து மூச்சை வெளியே விடுவதே கூடுதல் சுமை. உதரவிதானத்தில் மின்கம்பி பதித்துத் தூண்டும் அறுவையைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். பிரிட்டனில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், அதைப் பொருத்தியவர்கள் பொருத்தாதவர்களைவிடக் குறைந்த காலமே வாழ்ந்தார்கள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

பைபாப்: யாருக்கு எவ்வளவு உதவும்

பிரிட்டனில் 2006-இல் வெளியான ஆய்வு ஒன்று இந்த முடிவுக்கு இன்றும் அடித்தளம். பேச்சும் விழுங்கலும் ஓரளவு நன்றாக இருந்தவர்களில், பைபாப் வைத்தவர்களின் இடைநிலை ஆயுள் வைக்காதவர்களைவிட 205 நாள் கூடுதல். தூக்கமும் அன்றாட வாழ்வும் மேம்பட்டன. வாய், தொண்டைத் தசைகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆயுள் கூடவில்லை, தூக்கம் சார்ந்த தொல்லைகள் குறைந்தன. ஆகவே கைகாலில் நோய் தொடங்கியவருக்கு பைபாப்பைத் தயங்காமல் முயல வேண்டும் என்பதே எங்கள் கருத்து. நாக்கிலும் தொண்டையிலும் தொடங்கி, வாயில் எச்சில் நிறைந்து வழிபவருக்கும் ஒருமுறை முயன்று பார்க்கலாம், ஆனால் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போதோ வாடகைக்கு எடுக்கும்போதோ 'எஸ்டி' முறை உள்ள எந்திரமா என்று பாருங்கள். நோயாளி மூச்சிழுக்கத் தவறினால் எந்திரமே நிமிடத்துக்கு 12 முதல் 14 முறை தள்ள வேண்டும். 'எஸ்' மட்டும் உள்ள மலிவான எந்திரத்தில் அது இருக்காது. ஆழ்ந்த தூக்கத்தில் நோயாளியின் இழுப்பு அதன் உணர்வுக்கே எட்டாது. குறிப்பிட்ட அளவு காற்று உள்ளே போனதா என்று பார்த்துத் தானே அழுத்தத்தைக் கூட்டும் வசதியும் இருந்தால் நோய் வளர வளர எந்திரத்தை மாற்றாமல் ஓட்டலாம். நல்ல பைபாப் ஆயிரங்களில் முடியும். பேட்டரியோடு வரும் கையடக்க வென்டிலேட்டர் லட்சங்களில் நிற்கும். நாளொன்றுக்கு 16 மணி நேரத்துக்கு மேல் தேவைப்படத் தொடங்கினால் பேட்டரி உள்ள எந்திரமும் மாற்றுக்கு இன்னொன்றும் வேண்டும். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.

அழுத்தத்தை மருத்துவர் வைப்பார். மூச்சை விடும்போது 4 செ.மீ., இழுக்கும்போது 8 அல்லது 10 என்று தொடங்கி, நாளாக நாளாக இழுக்கும் அழுத்தத்தை 14, 16, 18 என்று ஏற்றுவது வழக்கம். வெளிவிடும் அழுத்தத்தைக் காரணமில்லாமல் ஏற்றக் கூடாது. பல வீடுகளில் தொடக்க அழுத்தத்தோடே ஆறு மாதம் ஓடுகிறது. 'பைபாப் பலன் தரவில்லை' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். எந்திரத்தின் நினைவக அட்டையை மருத்துவரிடம் கொண்டுபோய், ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று போகிறது, ஒழுகல் எவ்வளவு, எத்தனை மணி நேரம் போட்டார் என்று பார்க்கச் சொல்லுங்கள். 60 கிலோ எடைக்குரிய உயரம் உள்ளவருக்கு ஒரு மூச்சுக்கு 360 முதல் 480 மில்லிவரை போக வேண்டும். 200 காட்டினால் மாஸ்க் ஒழுகுகிறது அல்லது அழுத்தம் போதவில்லை.

இனி மாஸ்க். பைபாப் தோற்பது பெரும்பாலும் இதில்தான். மூக்கை மட்டும் மூடும் மாஸ்க்கில் பேசலாம், எச்சிலைத் துடைக்கலாம், ஆனால் வாய் திறந்தால் காற்று ஓடிவிடும். தாடைப்பட்டை போட்டுப் பார்க்கலாம். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது ஒழுகலுக்கு நல்லது. ஆனால் கை எழாதவர் வாந்தி வந்தால் அதைத் தானே கழற்ற முடியாது. அப்படிப்பட்டவர் பக்கத்தில் ஆள் இல்லாமல் அதைப் போடக் கூடாது. ஒரே குழாய் உள்ள பைபாப்புக்குச் சிறு துளைகள் உள்ள மாஸ்க்கே வேண்டும். அந்தத் துளை வழியாகத்தான் விட்ட மூச்சு வெளியேறும். 'காத்து வீணாப் போவுது' என்று யாராவது அதில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டால், விட்ட கரியமில வாயுவையே அவர் திரும்ப இழுப்பார். இதை வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் ஒருமுறை கையில் எடுத்துக் காட்டிவிடுங்கள். இரண்டு வகை மாஸ்க் வைத்து மாற்றிமாற்றிப் போட்டால் மூக்குத் தண்டில் புண் வராது. சிவக்கத் தொடங்கிய இடத்தில் மெல்லிய ஹைட்ரோகொலாய்டு ஒட்டுத்துணி ஒட்டலாம். பட்டையை இறுக்கினால் ஒழுகல் நிற்கும் என்பது தவறான நம்பிக்கை. பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும்.

முதல் நாளே இராத்திரி முழுக்கப் போடச் சொன்னால் அலறிக் கழற்றிவிடுவார். பகலில் சாய்ந்து உட்கார்ந்தபடி, பட்டை மாட்டாமல் கையால் மாஸ்க்கைப் பிடித்து ஐந்து நிமிடம். பிறகு டிவி பார்க்கும்போது அரை மணி. மத்தியானத் தூக்கத்தில் இரண்டு மணி. அதற்குப் பிறகு இரவு. ஓரிரு வாரத்தில் இரவில் நான்கு மணி நேரத்துக்குமேல் தங்கினால் வெற்றிப் பாதையில் இருக்கிறீர்கள். வயிறு உப்பினால் தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்துங்கள், மருத்துவரிடம் அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கக் கேளுங்கள். கண் எரிந்தால் மாஸ்க்கின் மேல்விளிம்பு ஒழுகுகிறது. மாஸ்க் போட்டுக்கொண்டு சாப்பாடு கூடாது. அரிசிம்பருப்புச் சோற்றைக் குழைய மசித்து ஊட்டினாலும் கழற்றி வைத்து, நிமிர்த்தி உட்காரவைத்து, முடிந்து அரை மணி கழித்துத்தான் மறுபடி மாட்ட வேண்டும். வயிற்றில் உணவுக் குழாய் பொருத்தும் எண்ணம் இருந்தால் எஃப்விசி 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் முன்பே செய்துவிடுவது பாதுகாப்பு.

ஈரப்பதப் பெட்டியில் ஊற்றும் தண்ணீருக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. பல்லடம், தாராபுரம் பக்கத்து போர்த்தண்ணீரை ஊற்றினால் சில நாளில் தட்டில் உப்புப் படியும். சிறுவாணித் தண்ணீர் எவ்வளவு ருசியாக இருந்தாலும் இதற்கு ஆகாது. தினமும் மீந்ததைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

மின்சாரக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 மணிக்கு நிறுத்தினால் மாலை 4 அல்லது 5 ஆகும். 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரியின் முழுக் கொள்ளளவு 1800 வாட் மணி. பாதிக்கு மேல் வடிய விடுவது பேட்டரிக்கு நல்லதல்ல, இன்வெர்ட்டரும் தன் பங்கைத் தின்னும். கைக்கு 800 வாட் மணி என்று வையுங்கள். பைபாப் தண்ணீர்ச் சூடேற்றி இல்லாமல் 40 வாட் எடுத்தால் 20 மணி நேரம் ஓடும். சூடேற்றியோடு 100 வாட் என்றால் 8 மணி நேரம். அதே இன்வெர்ட்டரில் 75 வாட் ஃபேன் ஒன்று சேர்ந்தாலே நாலரை மணி நேரத்துக்குச் சுருங்கிவிடும். ஆகவே எந்திரத்துக்குத் தனி இன்வெர்ட்டர், அதுவும் சைன் வேவ் வகை. கரண்ட் போனால் முதல் வேலை சூடேற்றியை அணைப்பது. கிணற்று மோட்டார்கள் ஓடும் நேரத்தில் தோட்டத்து வீடுகளில் வோல்டேஜ் விழும். ஸ்டெபிலைசர் இல்லாமல் எந்திரத்தைச் சொருகாதீர்கள். பகுதி மின்வாரிய அலுவலகத்தில் வீட்டில் மூச்சு எந்திரம் ஓடுகிறது என்று எழுதிக் கொடுத்து வையுங்கள். மின்தடை அறிவிப்பை முந்தின நாளே பார்த்துக்கொள்ளலாம்.

எந்த வழியானாலும் சளிக்கு ஏற்பாடு வேண்டும்

பைபாப் காற்றைத் தள்ளும், சளியை எடுக்காது. இருமலின் வேகம் நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே போனால் சளி பிடித்த நாளில் தாங்காது. 160-க்குக் கீழே போனால் சாதாரண நாளிலும் சளி வெளியே வராது. இதை அளக்க ஆஸ்துமாக்காரர்கள் ஊதும் பீக் ஃப்ளோ மீட்டரே போதும், ஊதுவதற்குப் பதில் அதில் இருமச் சொல்ல வேண்டும். காஃப் அசிஸ்ட் எந்திரம் காற்றை உள்ளே தள்ளி உடனே உறிஞ்சி இழுக்கும். பழகிய பிறகு +40, −40 வரை வைப்பார்கள். ஐந்து மூச்சு ஒரு சுற்று, நாலைந்து சுற்று, நடுவில் ஓய்வு. விலை லட்சங்களில் இருப்பதால் சளிக் காலத்துக்கு வாடகைக்குக் கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். முடியாதவர்கள் ஒருவழி வால்வு பொருத்திய ஆம்பு பேக்கால் (கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தும் பை) மூச்சுமேல் மூச்சாக இரண்டு மூன்று முறை அடுக்கி, பிறகு வயிற்றில் கைகொடுத்து அழுத்தி இருமவைக்கும் முறையை பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொள்ளலாம். காசில்லாத முறை என்று இதைக் குறைவாக நினைக்க வேண்டாம். நூல்பஞ்சும் தறித்தூசியும் பறக்கும் சோமனூர், பல்லடம் வீடுகளில் தறிக்கூடத்துக்கு அடுத்த அறையில் நோயாளியைப் படுக்கவைக்காமல் இருப்பதே பாதி வைத்தியம்.

தண்ணீராக வழியும் எச்சிலுக்கு கிளைகோபைரோலேட், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் உண்டு. கட்டிச் சளிக்கு அவற்றைக் கொடுத்தால் அது இன்னும் இறுகும். எது எச்சில், எது சளி என்று மருத்துவரிடம் பிரித்துச் சொல்லுங்கள்.

தொண்டைக் குழாய்

டிரக்கியாஸ்டமி செய்து வென்டிலேட்டரில் இணைத்தால் பல ஆண்டுகள்கூட உயிர் நீடிக்கலாம். மூன்று வழிகளில் ஆயுளை அதிகம் நீட்டுவது இதுதான். நோய் மட்டும் நிற்காது. கை, கால், நாக்கு, முகம் என்று ஒவ்வொன்றாக ஓயும். சிலருக்குக் கடைசியில் கண்ணசைவும் போய்விடும். ஸ்டீபன் ஹாக்கிங்கை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். 1963-இல் நோய் கண்டறியப்பட்டு, 1985-இல் தொண்டைத் துளை செய்யப்பட்டு, 2018 வரை வாழ்ந்தார் என்பது உண்மைதான். அவருக்கு வந்தது மிக அரிதாக மெதுவாக நகர்ந்த நோய், கூடவே இரவு பகலாக நர்ஸ்கள் இருந்தார்கள். அந்த இரண்டும் நமக்கு இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

வீட்டில் என்னென்ன வேண்டும் என்று பாருங்கள். வென்டிலேட்டர் இரண்டு. சக்‌ஷன் எந்திரம் (சளியை உறிஞ்சி எடுப்பது) இரண்டு, அதில் ஒன்று பேட்டரியிலோ காலால் மிதித்தோ இயங்குவது. கட்டில் தலைமாட்டில் எப்போதும் ஆம்பு பேக். மாற்றுத் தொண்டைக் குழாய் அதே அளவில் ஒன்று, அதைவிட ஓர் அளவு சிறியது ஒன்று. தொண்டைக் குழாயைச் சுற்றி உள்ளே ஊதி நிற்கும் சிறு பலூனான கஃப்பின் அழுத்தத்தை அளக்கும் மானி, அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீர் அளவுக்குள் இருக்க வேண்டும், அதிகமானால் மூச்சுக்குழல் சுவர் புண்ணாகும், குறைந்தால் எச்சில் உள்ளே இறங்கும். ஈரம் காக்கும் ஃபில்டர் தினம் ஒன்று. சக்‌ஷன் குழாய் ஒரு நாளைக்கு எட்டு முறை என்றாலும் மாதம் 240.

சக்‌ஷன் செய்யும் முறையைக் கையால் செய்தே பழக வேண்டும். 8 எண் தொண்டைக் குழாய்க்கு 12 எண் சக்‌ஷன் குழாய். அதைவிடத் தடிமனானது மூச்சை அடைக்கும். அழுத்தம் 80 முதல் 120 மி.மீ. பாதரசம். உள்ளே நுழைக்கும்போது உறிஞ்சக் கூடாது, வெளியே இழுக்கும்போதுதான். ஒரு முறைக்கு 10 முதல் 15 விநாடிக்குள் முடிக்க வேண்டும். செய்பவர் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தால் அளவு தெரியும். அலாரம் அடித்தால் எந்திரத்தைப் பார்க்காமல் ஆளைப் பாருங்கள். முகம் மாறியிருந்தால் உடனே வென்டிலேட்டரிலிருந்து வரும் குழாயை மட்டும் கழற்றி, தொண்டைக் குழாயில் ஆம்பு பேக்கை மாட்டி நிமிடத்துக்கு 12 முறை அமுக்குங்கள். அமுக்கக் கடினமாக இருந்தால் சளி அடைப்பு: உறிஞ்சுங்கள், உள்குழாயை எடுத்து மாற்றுங்கள், அப்போதும் சக்‌ஷன் குழாய் இறங்காவிட்டால் முழுக் குழாயையும் மாற்ற வேண்டும். எளிதாக அமுங்கி நெஞ்சு எழும்பாவிட்டால் எங்கோ கழன்றிருக்கிறது அல்லது கஃப் ஒழுகுகிறது. இதை இராத்திரி மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் செய்யத் தெரிந்தவர் இருவராவது வீட்டில் வேண்டும், எந்த நேரமும் ஒருவர் அருகிலேயே விழித்திருக்க வேண்டும். தாளவாடி போல, 27 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் பெரிய மருத்துவமனைக்கு வரவேண்டிய ஊர்களில், இதை யோசிக்காமல் தொண்டைக் குழாய்க்குச் சம்மதம் சொல்லக் கூடாது.

அந்த இரண்டு பேர் யார்? பங்காளிகளும் மாமன் மச்சான்களும் திண்ணையில் கூடி முடிவெடுப்பார்கள். கையில் சக்‌ஷன் குழாயைப் பிடிக்கப்போவது பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். அவர்கள் சமையல்கட்டில் நின்றபடி கேட்க வேண்டிய பேச்சு அல்ல இது. அவர்களை நடுவில் உட்காரவைத்து, 'உங்களால் முடியுமா, எத்தனை மணி நேரம் முடியும்' என்று கேளுங்கள். 'முடியாதுங்க' என்று அவர்கள் சொன்னால் அதைப் பாசக்குறைவு என்று எண்ணாதீர்கள்.

தொண்டைக் குழாய் என்று முடிவானால், அறுவைக்கு முன்பே கண்ணால் பேசும் பலகையைத் தயாரித்துப் பழக்குங்கள். 247 எழுத்தையும் எழுத வேண்டாம். 18 மெய்யெழுத்து ஒரு கட்டம், 12 உயிரெழுத்து ஒரு கட்டம். மெய்யை முதலில் கண் சிமிட்டித் தேர்ந்து, உயிரை அடுத்துச் சேர்க்கலாம். ஓரத்தில் அடிக்கடி வேண்டிய சொற்கள்: உறிஞ்சு, கையை மாத்து, கொசு, ஃபேன், வலி, போதும். 'போதும்' என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும்.

எந்திரம் வேண்டாம் என்பவருக்கு

இந்த வழியை 'விட்டுவிட்டார்கள்' என்று ஊர் பேசும். அப்படி அல்ல. இதற்கும் ஆயத்தம் வேண்டும், மருத்துவர் வேண்டும். எல்லோரும் அஞ்சுவது மூச்சடைத்துத் துடித்துச் சாவதை. நல்ல மருத்துவக் கவனிப்பில் இருந்தவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில், பெரும்பாலானோர் அமைதியாகவே பிரிந்தார்கள். கரியமில வாயு ஏறும்போது தூக்கம் ஆழமாகிக்கொண்டே போய் அதிலேயே முடிவு வருவதுதான் வழக்கம்.

மூச்சுத்திணறலுக்குச் சிறு அளவு மார்ஃபின் நல்ல மருந்து. வாய்வழியாக 2.5 மில்லிகிராம் போல மிகக் குறைவாகத் தொடங்கி, மருத்துவர் பார்த்து ஏற்றுவார். மலச்சிக்கலுக்கு மருந்து முதல் நாளிலிருந்தே சேர வேண்டும். அளவறிந்து கொடுக்கும் மார்ஃபின் சாவை விரைவுபடுத்துவதில்லை. பதற்றத்துக்கு லோரசிபம் நாக்கடியில் வைக்கலாம். முகத்தில் படும்படி சிறு ஃபேன், 45 பாகை சாய்வு, சன்னல் திறப்பு இவையும் மருந்துதான். 2014-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு மார்ஃபின் வைத்திருக்கும் மருத்துவமனைகள் கூடியிருக்கின்றன. ஆனாலும் தேவைப்படும் இரவில் தேடினால் கிடைக்காது, முன்கூட்டியே வலிநிவாரணப் பிரிவில் பதிந்து வாங்கி வைக்க வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலிநிவாரணச் செவிலியரும் பிசியோதெரபிஸ்ட்டும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள்.

பைபாப் வைத்தவரும் ஒரு நாள் இந்த வழிக்கு வரலாம். 24 மணி நேரமும் மாஸ்க் தேவைப்படும் நிலை வரும்போது, தொண்டைக் குழாயா, இதோடு போதுமா என்ற கேள்வி மறுபடி எழும். அப்போது மாஸ்க்கை வெறுமனே கழற்றக் கூடாது. முதலில் மார்ஃபினும் தூக்க மருந்தும் கொடுத்து, அவை வேலை செய்கின்றன என்று உறுதிசெய்து, அழுத்தத்தை மெல்லக் குறைத்து, பிறகுதான் எடுக்க வேண்டும். மருத்துவரோ பயிற்சி பெற்ற செவிலியரோ பக்கத்தில் இருக்க வேண்டும்.

அவரிடம் கேட்பது, எழுதி வைப்பது

'அப்பாருகிட்டச் சொல்ல வேண்டாம், மனசு உட்டுருவாரு' என்று நோயின் பெயரையே மறைக்கும் வீடுகள் நம் பக்கம் அதிகம். மறைத்தால் இந்த மூன்று வழியில் எதையும் அவரிடம் கேட்க முடியாது. ஒரே நாளில் எல்லாம் சொல்ல வேண்டியதில்லை. 'மூச்சு இன்னும் குறைஞ்சா மிஷின் வெக்கலாம்னு டாக்டர் சொல்றாருங்க, உங்களுக்கு எப்படித் தோணுது' என்று தொடங்கலாம். பேச முடியாமல் போனாலும் எது இருந்தால் வாழப் பிடிக்கும், எது போனால் போதும் என்று தோன்றும், இதைக் கேட்டு வாங்குங்கள். தயங்குபவருக்கு பைபாப்பை 'ஒரு மாசம் போட்டுப் பார்ப்போம், பிடிக்காட்டி எடுத்துருவோம்' என்ற உடன்பாட்டோடு தொடங்கலாம், அந்தச் சொல்லைக் காப்பாற்ற வேண்டும். தொண்டைக் குழாயில் அப்படி 'போட்டுப் பார்ப்பது' எளிதல்ல.

சட்டம் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம், மனத்தெளிவுள்ள வயதுவந்தவர் தனக்கு வேண்டாத உயிர்காப்புச் சிகிச்சையை முன்கூட்டியே எழுதி மறுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் நடைமுறை எளிதாக்கப்பட்டது: இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். தான் பேச முடியாதபோது யார் பேசுவது என்று ஒருவருக்கு மேற்பட்டவர்களின் பெயரையும் எழுதலாம். பிறகு வென்டிலேட்டரை விலக்க வேண்டி வந்தால் மருத்துவமனையில் முதல்நிலைக் குழு, இரண்டாம்நிலைக் குழு என்று இரண்டு மருத்துவர் குழுக்கள் ஒப்ப வேண்டும். எழுதி வைத்த காகிதம் இல்லாமல் அந்த வேலை இன்னும் இழுக்கும். கை எழுதும் காலத்திலேயே முடித்துவிடுங்கள்.

இவ்வளவும் ஆன பிறகு ஒரு தாளில் பெரிய எழுத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, ஒரு படியைப் பிரிட்ஜ் கதவிலும் ஒரு படியை பைபாப் பையிலும் வையுங்கள். நோயாளியின் பெயர், நோய் ஏஎல்எஸ். ஆக்சிஜனை மட்டும் தனியாக வைக்க வேண்டாம், கரியமில வாயு ஏறும். மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டாம். அவருடைய பைபாப்பையே, அதில் இருக்கும் அளவுகளிலேயே போடுங்கள். மயக்க மருந்து தேவைப்பட்டால் சக்சினில்கோலின் தவிர்க்கவும். வாய்வழிக் குழாயும் தொண்டைத் துளையும் அவருக்குச் சம்மதமா இல்லையா. யாரைக் கேட்க வேண்டும், அவர் கைபேசி எண். 108 வந்ததும் எந்திரத்தையும் மாஸ்க்கையும் இந்தத் தாளையும் ஒன்றாக வண்டியில் ஏற்றுங்கள். அவசரப் பிரிவில் அவருக்குப் பொருந்தும் மாஸ்க் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது.